பச்சை வில்லை

பெயரின் நடுவே ஒரு சிறு கோடு கட்டாயம்.
பிரவுசரின் சட்டம் அது.
தான் பெற்ற பிள்ளைகளுக்குக் கோடு கிடையாது,
நாம் கொண்டுபோய் விடுவதற்கு உண்டு.
அதனால் எங்கள் பேட்ஜ்
படகு-வில்லை ஆயிற்று.

உயரம் இருபத்திரண்டு பிக்சல்.
உள்ளோரம் இருபுறமும் எட்டு.
அந்த எட்டுக்காக ஹால்பியோர்ன்
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை.
நான் ஆறு என்றிருந்தேன்.
வெளியே தோர்ஷவ்னின் மழை
பக்கவாட்டில் பெய்து
ஓரம் எதையும் மதிக்காமல்
ஜன்னலில் ஒட்டியது.

பச்சை என்றால் படகு போகிறது.
மஞ்சள், தாமதம்.
சிவப்பு, ரத்து.
சாம்பல் என்றால்...
சாம்பலைப் பற்றி நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை.

அதற்குள்ளே ஒரு நிழல் வீடு.
வெளிப்பக்கத்து ஸ்டைல் எதுவும்
அங்கே கைவைக்க முடியாது.
எழுத்துரு மட்டும் எப்படியோ கசிந்து வந்துவிடும்,
எங்கள் ஊர்ச் சுவர்களில் ஈரம் போல.
நடுவில் ஒரு வெற்றிடம் விட்டோம், ஸ்லாட்.
யாரும் தன் சொல்லை அதில் வைக்கலாம்.
யாரும் வைக்கவில்லை.

நாற்பது திரைகளில் ஒட்டினோம்:
டிக்கெட் பக்கம், துறைமுகப் பலகை,
கேப்டனின் டேப்லெட்,
மேற்குத் தீவின் ஒரே கடையில்
ரொட்டி அடுக்குக்கு மேல் தொங்கும் டிவி.
எங்கும் ஒரே வட்ட முனை, ஒரே பச்சை.
சீராக இருக்கிறது என்றார்கள்.
அப்போது அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்,
ரத்து என்பதற்கான சொல்லில்
யாரோ ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
அறியாத சொல் வந்தால் என்ன செய்வது?
முதல் நிறத்தை எடுத்துக்கொள் என்று
வில்லைக்குச் சொல்லிவைத்திருந்தோம்.
முதல் நிறம் பச்சை.

சாக்காரிஸ், டிரெய்லரில் இரண்டு கிடாக்களோடு
மலைக்குள் இரண்டு சுரங்கம் தாண்டி வந்து
படகுத்துறையில் நின்றார்.
கடல் இருந்த இருப்பு
அவர் கண்ணில் படாமல் இல்லை.
துறைச்சுவரைத் தாண்டி
அவர் பூட்ஸ் வரை வந்துபோனது அது.
ஆனால் போன் பச்சை என்கிறதே.
முப்பது வருடம் அலை பார்த்த மனிதர்
இருபத்திரண்டு பிக்சலை நம்பி
மூன்று மணி நேரம் நனைந்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.
அவர் கேட்டது இவ்வளவுதான்:
'தெரியாது என்று சொல்ல
அதுக்கு ஒரு நிறமே இல்லையா?'
பின்னால் ஒரு கிடா தும்மியது.

அன்றிரவே ஒரு வரியை மாற்றினேன்.
ஒரே வரி.
முதல் நிறம் இனி சாம்பல்.
ஹால்பியோர்ன் ஏழு சாம்பல்களைக் கொண்டுவந்து
ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை எழுத்தை நிறுத்தி
பார்வை மங்கியவருக்கும் தெரிகிறதா என்று அளந்தான்.
தேறியது ஒன்று.
அதற்கு மூடுபனி என்று பெயரிட்டான்.
அவனிடமிருந்து அப்படி ஒரு பெயரை
நான் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரிப் புயலில்
நாற்பது திரையும் ஒன்றாய்ச் சிவந்த இரவு,
துறையில் கயிறு கட்டும் சுன்வா
வெற்றிடத்தைக் கண்டுபிடித்தாள்.
ஒரு சொல்லுக்கென நாங்கள் தைத்த சட்டையில்
இதைத் திணித்திருந்தாள்:

அலை ஆறு மீட்டர். வராதீர்கள்.
நாளைக்கும் சந்தேகம்தான்.
மருந்து வேண்டியவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்.

வில்லை மூன்று வரியாக உப்பி,
மாத்திரை போலிருந்த முனைகள் கோணி,
பக்கத்து நேரப் பட்டியலை இடித்துக்கொண்டு நின்றது.
சின்னஞ்சிறு சொற்களுக்கு மட்டும் என்று
ஆவணத்தில் தடித்த எழுத்தில் எழுதியது
நாங்களேதான்.

ஹால்பியோர்ன் வெகுநேரம் பார்த்தான்.
காபி ஆறியது.
பிறகு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
'உள்ளோரத்தைப் பன்னிரண்டு ஆக்கு' என்றான்.

நான் பத்து என்றேன்.